எலிஷாமா

கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று போய்ப் பாருங்கள். கடைப் பலகைகளிலும் வீட்டு வாசல்களிலும் முன்னே போகும் ஆட்டோவின் முதுகிலும் எபிரெயம் எழுதியிருக்கும். எபெனேசர். பெத்தேல். பெராக்கா. யெகோவாயீரே. எழுத்து தமிழ்தான். எழுதச் சொன்னவருக்கும் எழுதிக் கொடுத்த பெயின்டருக்கும் அது எந்த ஊர்ப் பேச்சு என்ற நினைப்பே இருக்காது. கானானில் ஆடு மேய்த்தவர்களும் கிணறு வெட்டியவர்களும் பேசிய மொழி எங்கள் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறது, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறது, வாடகைக்கு ஷாமியானா விடுகிறது.

அந்தப் பலகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரெகொபோத். ஈசாக்கின் வேலைக்காரர்கள் கேராரின் பள்ளத்தாக்கில் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் சுரந்தது. உடனே உள்ளூர் மேய்ப்பர்கள், அது தங்கள் தண்ணீர் என்று சண்டைக்கு வந்தார்கள். ஈசாக்கு மல்லுக்கு நிற்கவில்லை. கிணற்றுக்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தார். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அதற்குப் பெயர் சித்னா, பகை. மூன்றாவது கிணற்றுக்கு யாரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டார்: விசாலம், நமக்கும் இடம் கிடைத்தது. 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீர் வற்றியபோது எங்கள் தெருவிலும் லாரி வந்து நிற்கும் முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஏசேக்கும் சித்னாவும் அன்றாடம் நடந்தன. மூன்றாவது கிணறு தோண்டத்தான் இடம் இல்லை. இன்றைக்கும் யாராவது புதுமனைக்கு ரெகொபோத் என்று கல் பதித்திருப்பதைப் பார்த்தால், உள்ளே போய் 'போர் எத்தனை அடி?' என்று கேட்கத் தோன்றும்.

நான் பணிநிறைவு பெற்ற ஆசிரியை. பெயர்களை உரக்க வாசிப்பதே என் பிழைப்பாக இருந்தது. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, 'உள்ளேன் டீச்சர்' என்ற குரலைக் கேட்டுப் பக்கத்தில் குறி போடுவது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, வேதத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற பெயர்ப் பட்டியல்களை என்னால் தாண்ட முடிந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வேதத்தை முழுதாக வாசித்து முடிப்பது என்று சபையில் ஜனவரியில் தீர்மானம் எடுப்பார்கள். ஆதியாகமம் ஓடும், யாத்திராகமம் ஓடும், லேவியராகமத்தில் மூச்சு வாங்கும், எண்ணாகமம் முதல் அதிகாரத்தில் பாதிப்பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பெயர், பெயர், பெயர், தொகை, மறுபடியும் பெயர். எனக்கோ ஆண்டவர் தம் கதவைத் திறந்தது அந்த அதிகாரத்தில்தான்.

அதைச் சொல்லும் முன் எபிரெயப் பெயரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பல, பெயர் மட்டும் அல்ல, முழு வாக்கியம். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. ஏல் என்றால் தேவன். யா என்பது கர்த்தருடைய தனிப்பெயரின் சுருக்கம். எலியா என்றால் என் தேவன் கர்த்தர். யோவேல் என்றால் கர்த்தரே தேவன். ஒரே இரண்டு சொல், இடம் மாறி நிற்கிறது. மிகாவேல் ஒரு கேள்வி: தேவனைப் போல் யார்? விளையாடப் போன மிகாவேலை ஒரு தாய் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் தெரு முழுவதையும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். தானியேல்: தேவன் என் நியாயாதிபதி. யோனத்தான்: கர்த்தர் தந்தார். நூறு வயதுத் தகப்பனுக்கும் தொண்ணூறு வயதுத் தாய்க்கும் பிறந்த பிள்ளைக்குப் பெயர் ஈசாக்கு, சிரிக்கிறான். சாராள் முதலில் நம்பாமல் சிரித்தாள், பிறகு நம்ப முடியாமல் சிரித்தாள்.

வாக்கியமாக இல்லாதவையும் உண்டு. தெபொராள் தேனீ. ராகேல் பெண்ணாடு. தாமார் பேரீச்சமரம். யோனா புறா. எல்லாம் இழந்த யோபுக்குப் பின்னாளில் பிறந்த மகள்களில் நடுவில் உள்ளவள் கெத்சீயாள். நாம் பிரியாணிக்குப் போடும் பட்டையின் இனம்தான் அது. புண்ணும் சாம்பலுமாகக் கிடந்த மனிதர் மகளுக்கு வாசனைப் பெயர் வைத்தாரே என்று நினைக்கும்தோறும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது செல்போனில் சுற்றுகிற 'வேதாகமப் பெயர்களும் அர்த்தங்களும்' பட்டியலை நம்பாதீர்கள். பாதிப் பெயருக்குத் 'தேவனின் பரிசு' என்று போட்டுவிடுகிறார்கள். வேதமே சில இடங்களில் இலக்கணம் பார்ப்பதில்லை, ஒலியோடு விளையாடுகிறது. மோசே என்ற பெயருக்குத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டவன் என்று யாத்திராகமம் காரணம் சொல்கிறது. எகிப்திய மொழி படித்தவர்கள், துத்மோஸ் போன்ற பார்வோன் பெயர்களின் வாலில் உள்ள அதே சொல்தான் இது, பிறந்தவன், பிள்ளை என்று பொருள் என்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். அரண்மனைக்காரி 'பிள்ளை' என்று கூப்பிட்டாள். அடிமை வீட்டுத் தாயின் காதில் அது 'இழுத்தெடுத்தார்' என்று விழுந்தது. எழுத்து ஒன்றானாலும் அவரவர் கண்ணீருக்கு ஏற்றபடி ஆண்டவர் கேட்க வைக்கிறார்.

எண்ணாகமம் எனக்குத் திறந்தது, என் வீட்டுக்காரரைச் சானடோரியத்தில் சேர்த்திருந்த காலத்தில். வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத காசநோய். மகள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வார்டுப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவைப் போனில் மட்டும் பார்ப்பாள். அவர் இருமல் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அந்த ஆஸ்பத்திரியை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளர் இல்லம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் நோயுற்றபோது அங்கே அவருடைய கவனிப்பில் இருந்திருக்கிறார். இந்த நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற முதல் மருந்து கண்டறியப்பட்டதே 1943இல்தான். அதுவரை காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம். அதற்காகவே நகரத்தைவிட்டு விலகித் தாம்பரத்து மரங்களுக்குள் வந்திருக்கிறார். 1937இல் அரசு அதை ஏற்றது. பிற்பாடு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் வெளியில் மரத்தடியில் உட்கார்ந்து அந்த டாக்டரின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டேவிட், தாவீது, எபிரெயத்தில் அன்புக்குரியவன். சவுரி என்பது சவேரியார். அந்தப் பெயர் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மொழியிலிருந்து வந்தது, புதுவீடு என்று பொருள். கடைசியில் நம் முத்து. அன்புக்குரியவன், புதுவீடு, முத்து. இருமிக்கொண்டே கிடக்கிறவர்களுக்கு வீடு கட்டப் போகிறவனுக்கு ஞானஸ்நானத் தொட்டியிலேயே இந்தப் பெயரைக் கொடுத்தது யார்? ஆண்டவரே, நீர் விளையாடுகிறீர் என்று சொல்லிக்கொண்டேன். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்து ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு ராத்திரி எண்ணாகமம் வந்தது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டாம் வருஷம், இரண்டாம் மாதம், முதல் தேதி. சீனாய் வனாந்தரம். இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களை எண்ணச் சொல்லி உத்தரவு. எண்ணி முடித்தால் தொகை 6,03,550 என்று வருகிறது. எண்ணுவதற்குத் துணையாகக் கோத்திரத்துக்கு ஒரு தலைவன், ஒவ்வொருவன் பக்கத்திலும் அவனுடைய தகப்பன் பெயர். ஆக இருபத்து நான்கு பெயர். எனக்கென்ன, பழக்கமான வேலை. வருகைப் பதிவேட்டை வாசிக்கிற குரலில், மாஸ்க்குக்குள்ளேயே, மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். கையில் வேதாகம அகராதியும் இருந்தது.

எலிசூர். என் தேவன் கன்மலை. தகப்பன் சேதேயூர், சர்வவல்லவரே வெளிச்சம்.

செலூமியேல். தேவன் என் சமாதானம். தகப்பன் சூரிஷதாய், சர்வவல்லவர் என் கன்மலை.

நெதனெயேல். தேவன் தந்தார். தகப்பன் பெயர் சூவார். சின்னவன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் சின்னத்துரை, சின்னராசு என்று இருப்பார்களே, அப்படி ஒரு சின்னவன். அந்தச் சின்னவன் தன் பிள்ளையைத் தூக்கித் 'தேவன் தந்தார்' என்கிறான்.

எலியாப். என் தேவன் என் தகப்பன். பெதாசூர், கன்மலையானவர் மீட்டார். பாகியேல், தேவன் என்னைச் சந்தித்தார். அவன் தகப்பன் ஓகிரான், கலங்கினவன். கலங்கினவனின் மகன், தேவன் சந்தித்தவன்!

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ திறந்தது. வருஷத்தைத் திரும்பப் பார்த்தேன். எகிப்தைவிட்டு வந்து இரண்டாம் வருஷம். எண்ணப்படுகிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக்கு மேல். அப்படியானால் இவர்கள் அத்தனைபேரும் எங்கே பிறந்தார்கள்? வனாந்தரத்தில் அல்ல. செங்கடல் பிளந்த பிறகு அல்ல. எகிப்தில் பிறந்தார்கள். அடிமைகளாய்ப் பிறந்தார்கள். வைக்கோல் கலந்த களிமண்ணை மிதித்துச் செங்கல் அறுத்தவர்களின் குடிசையில் பிறந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு கல் அறுக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குடிசையில் ஒரு பிள்ளை பிறந்தால் யாருக்கு வாயில் என்ன வரும் என்று. இவர்கள் வாயிலோ, 'கன்மலையானவர் மீட்டார்' என்று வந்திருக்கிறது. மோசே இன்னும் மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார். அல்லது அதற்கும் முந்தைய காலம். வாதை ஒன்றும் வரவில்லை. முட்செடி எரியவில்லை. கங்காணியின் சாட்டை மட்டும் இருந்தது. அதற்குள் ஒருத்தி தன் பிள்ளையை, ஒவ்வொரு நாளும், ஊர் கேட்க, 'மீட்டார்!' என்று கூப்பிட்டிருக்கிறாள். மீட்பார் என்று அல்ல. மீட்டார்!

ஐயோ, என் ஆண்டவரே! அந்த ராத்திரியை எப்படிச் சொல்வேன்! எனக்கு உடம்பு நடுங்கியது. எண்ணாகமத்தை வெறும் கணக்குப் புத்தகம் என்று எவன் சொன்னான்? இருபத்து நான்கு பெயரும் எழுந்து நின்று பாடின. நடுவில் விளக்கு எரிகிற நீளமான வராந்தா, சுவரோரம் படுத்திருந்த துணையாளர்கள், உள்ளிருந்து வரும் இருமல், தூரத்தில் தண்டவாளம். அதற்கு நடுவில் அந்தப் பெயர்கள். சர்வவல்லவர் என் உறவுக்காரர் என்றான் அம்மிஷதாய். என் சகோதரனே துணை என்றான் அகியேசேர். தேவன் எனக்கு நன்மை செய்தார் என்றான் கமாலியேல். அர்ச்சனையும் நாமாவளியும் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்குப் பெயர்களை அடுக்கினால் அது துதி என்று தெரியும். ஆனால் அங்கே அடுக்கப்படுவது தெய்வத்தின் பெயர்கள். இங்கே அடிமைகளின் பெயர்கள். அடிமையைக் கூப்பிட்டாலே அவன் தேவனைத் துதித்தாகிவிடுகிறது. சாட்டையோடு வந்த கங்காணி 'டேய் பெதாசூர்!' என்று அதட்டும்போது அவன் வாயே, தான் அறியாமல், கன்மலையானவர் மீட்டார் என்று பிரசங்கம் பண்ணியிருக்கிறது! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த இருபத்து நான்கு பெயர்களில் ஏல் இருக்கிறது, சர்வவல்லவர் என்ற ஷதாய் இருக்கிறது, கன்மலை என்ற சூர் இருக்கிறது, யா இல்லை. ஒன்றில்கூட இல்லை. கர்த்தர் என்ற நாமத்தால் முற்பிதாக்களுக்குத் தம்மை அறியப்பண்ணவில்லை என்று அவரே மோசேக்குச் சொல்லியிருக்கிறார், யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில். பிற்காலத்தில் ஏசாயா, எரேமியா, செப்பனியா, சகரியா என்று யா கொட்டிக் கிடக்கும். இவர்களுக்கு அந்தப் பெயர்கூடக் கையில் இல்லை. தெய்வத்தின் பெயரே சரியாகத் தெரியாமல் தெய்வத்தை இப்படி நம்பியிருக்கிறார்கள்!

பட்டியலில் எப்பிராயீம் கோத்திரத்தானை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். அம்மியூதின் மகன் எலிஷாமா. என் தேவன் கேட்டார்.

நாளாகமம் முதல் புத்தகம் ஏழாம் அதிகாரத்தைப் புரட்டினால் இந்த எலிஷாமாவின் மகன் நூன். நூனின் மகன்? யோசுவா! யோர்தானைக் கடந்தவன், எரிகோவைச் சுற்றி வந்தவன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஓசேயா, இரட்சிப்பு. மோசேதான் அதன் முன்னால் அந்தப் புதுப் பெயரை, யாவை, ஒட்டி யோசுவா என்று ஆக்கினார்: கர்த்தர் இரட்சிக்கிறார். தாத்தா 'தேவன் கேட்டார்'. பேரன் 'கர்த்தர் இரட்சிக்கிறார்'. பேரன் என்ற நம் சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். எலிஷாமாவின் பெயரை அந்தப் பெயரன் எப்படித் தாங்கினான் பாருங்கள்! கேட்டவர், கேட்டதோடு நிற்கவில்லை.

அது அங்கேயும் நிற்கவில்லை. யோசுவா என்ற பெயர் பாபிலோனிலிருந்து திரும்பிய காலத்தில் யெசுவா என்று சுருங்கியது. கிரேக்கருக்கு அந்த 'ஷ' வராது. அவர்கள் வாயில் அது இயேசு ஆனது. கிரேக்க வேதத்தில் நூனின் மகனுக்கும் மரியாளின் மகனுக்கும் ஒரே பெயர்தான். போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கத்தோலிக்கரின் பழைய ஜெபங்களில் சேசு என்று வந்ததும் அதே பெயர். அபூர்வமான பெயரும் அல்ல. பவுலோடு ஊழியம் செய்தவர்களில்கூட யுஸ்து என்னப்பட்ட ஓர் இயேசு இருந்தார். நாசரேத்தில் ஒரு தெருவில் நின்று 'இயேசு!' என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பையன்கள் திரும்பியிருப்பார்கள். பரலோகம் பூலோகத்துக்கு வரும்போது புதுப் பெயர் தேடவில்லை. அடிமை வீட்டுப் பேரனின் பெயரை, பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த பெயரை, எடுத்துக்கொண்டது. என் இயேசுவே! உம் பெயரைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன். அது ஒரு வாக்கியம் என்று அன்றைக்குத்தான் என் எலும்புக்குத் தெரிந்தது. பெயரைச் சொல்லி முடிக்கும்போதே ஜெபமும் பதிலும் சேர்ந்து முடிந்துவிடுகிறதே!

விடிந்தது. சிஸ்டர் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முருகன், வேலாயுதம், இஸ்மாயில். மூன்றாவது பெயர் காதில் விழுந்ததும் விறைத்துப் போனேன். இஸ்மவேல்! ஏலையும் ஷாமாவையும் எடுத்து முன்பின்னாக மாற்றினால் அதுதான். தேவன் கேட்கிறார். எஜமானியின் கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடின ஆகாருக்கு, நீரூற்றண்டை, தூதன் சொன்ன பெயர். வேதத்தில் தேவனுக்கே ஒரு பெயர் வைத்தவள் அவள் ஒருத்திதான்: என்னைக் காண்கிறவர். ஆபிரகாம் வைக்கவில்லை, மோசே கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். வேலைக்காரப் பெண் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் மெலிந்து போயிருந்த அந்தப் பெரியவர் டம்ளரை எடுத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். அவர் எந்தத் திசை பார்த்துத் தொழுகிறவராயிருந்தால் என்ன? 'தேவன் கேட்கிறார்' என்று அரசாங்கப் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'ராத்திரி தூங்கலையா நீ?' என்றார். பிறகு மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, 'அந்தப் பேரு என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு' என்றார்.

அந்த நாட்களிலிருந்து எனக்குப் பெயர்கள் மேல் ஒரு பைத்தியம். எங்கள் நாசரேத், சாயர்புரம் பக்கத்து ஆச்சிகளுக்கெல்லாம் எப்சிபா, பியூலா என்று பெயர் இருக்கும். வாய் நிறைய வெற்றிலையும் கையில் முறமுமாக இருந்த அந்த ஆச்சிகள் தங்கள் பெயரின் அர்த்தத்தை நினைத்திருப்பார்களா? ஏசாயா அறுபத்திரண்டாம் அதிகாரத்தில், கைவிடப்பட்டவள், பாழானவள் என்று ஊர் அழைத்த எருசலேமுக்கு ஆண்டவர் சூட்டும் புதுப் பெயர்கள் அவை. எப்சிபா, என் பிரியம் அவள்மேல். பியூலா, மணவாட்டி. இன்னும் கொஞ்சம் முன்னே போனால் ஓசியாவின் பிள்ளைகள். மகளுக்கு லோருகாமா, இரக்கம் பெறாதவள்; மகனுக்கு லோகம்மீ, என் ஜனமல்ல. லோ என்றால் இல்லை. அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் அந்த 'லோ'வைத் தட்டிவிடுகிறார். அம்மீ, என் ஜனம். ருகாமா, இரக்கம் பெற்றவள். பெயர் மாற்ற கெசட்டில் விளம்பரம் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்கிறோம் நாம். அவருக்கு ஓர் எழுத்தை எடுத்தால் போதும்.

தமிழிலும் இந்தப் பெயர்கள் அர்த்தத்தோடு வந்து குடியேறியிருக்கின்றன. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்ற பெயர். லாசரு என்பது எலெயாசாரின் தேய்ந்த வடிவம்; தேவன் உதவினார் என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கித் தேவசகாயம் என்று அழைத்தார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே எங்கே வந்தது சகாயம் என்று கேட்கிறவர் கேட்கட்டும். 2022 மே மாதம் ரோமில் அந்தத் தமிழ்ப் பெயர் புனிதர் வரிசையில் உரக்க வாசிக்கப்பட்டது. யோவானைப் பழைய கத்தோலிக்கர் அருளப்பர் என்றார்களே, எவ்வளவு அழகு! யோகனான், கர்த்தர் அருளினார். சொல்லின் வேரைத் தேடித் தேடியே வாழ்ந்த பாவாணரின் இயற்பெயர் தேவநேசன். சாலொமோன் பிறந்தபோது நாத்தான் தீர்க்கதரிசி கொண்டுவந்த யெதிதியா என்ற பெயருக்கும் கர்த்தரின் நேசன் என்றே பொருள். தாம்பரம் ரயிலில் போகும்போதெல்லாம் பரங்கிமலை வரும். அந்த மலையின் தோமாவுக்குப் பெயரே இல்லை தெரியுமா? தோமா என்பது அரமேயத்தில் இரட்டையன், அவ்வளவுதான். யாரோடு பிறந்த இரட்டை என்று வேதம் சொல்லவில்லை. ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம் பிடித்தவனின் கூடப்பிறந்தவள் நான்தான் என்று அந்த நிலையத்தைத் தாண்டும்போது மனத்துக்குள் உரிமை கொண்டாடிக்கொள்வேன்.

மகளுக்குப் பையன் பிறந்தான். நான் பெயரைச் சொன்னதும் மருமகனுக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். 'அத்தை, ஸ்கூல்ல பசங்க எலின்னு கூப்பிடுவாங்க' என்றார். நியாயமான பயம்தான். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு அது தெரியாதா? ஏரன், ஜேடன் என்று நாகரிகமாக நாலு பெயர் எழுதி வைத்திருந்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. எலிஷாமாவின் பேரன் யார் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். 'இங்க பேரன்தான எலிஷாமா, தாத்தா இல்லையே?' என்றாள். 'தாத்தா ஆஸ்பத்திரியில இருக்காரு. அவருக்குப் பதிலா இவன் கேட்டு வைக்கட்டும்' என்றேன்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது அவருடைய சளிக் கல்ச்சர் ரிசல்ட் வந்திருக்கவில்லை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தள்ளிவைக்கலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். மகள்தான் வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனை. வெள்ளைச் சட்டையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். என் தங்கை மகன் போனில் வீடியோ கால் போட்டு உயர்த்திப் பிடித்திருந்தான். அந்தச் சின்னத் திரையில் பச்சை மாஸ்க்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன. அவருக்குப் பின்னால் பக்கத்துக் கட்டில் பெரியவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். 'இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?' என்று கேட்டார்.

மருமகன்தான் முந்திக்கொண்டார், கோயிலுக்கே கேட்கிற மாதிரி. 'எலிஷாமா!'

'உள்ளேன் ஐயா' என்றது போன்.